முருகன் பேரில் ஒரு கணக்கு

பேரேட்டைப் பிரித்தால் பிள்ளையார் சுழி. உள்ளே, ஊர்க்காரர்கள் பற்று வரவோடு சாமி பேரிலும் ஒரு கணக்கு. செட்டிநாட்டு வட்டிக்கடையில் பெட்டியடிப் பையன் தொழில் படித்தது அந்தப் பேரேட்டில்தான். முந்திரி, காணி, மாகாணி எல்லாம் மனப்பாடம். முந்திரி என்றால் 320-ல் ஒரு பங்கு, அதையும் விடக்கூடாது. அப்புறம் சிட்டை எழுதுவது, வட்டி போடுவது, கடைசியில் ஐந்தொகை. பையன் அடுத்தாளாவான், தேறினால் மூன்று வருஷத் தவணைக்கு ரங்கூனுக்கோ சைகோனுக்கோ கப்பலேறுவான்.

லாபம் பாவமா?

இந்தப் படிப்பு அதற்கு வைத்திருந்த பதில் விசித்திரமானது. பட்டினத்தாரைப் போல எல்லாவற்றையும் உதறிவிட்டுப் போ என்று சொல்லவில்லை. கோயிலுக்கான பங்கை, அதாவது மகமையை, எடுத்து வைத்துவிட்டுத் தொழிலைப் பார் என்றது. ஆசைக்கு வரம்பு கட்டும் வேலை கணக்கெழுதுகிறவன் கைக்கு வந்துவிட்டது. கோயில் பணமும் சும்மா கிடக்கவில்லை, கடைகளில் வட்டிக்கு ஓடியது. ரங்கூன் மொகல் தெருக் கோயிலில் மாதாமாதம் கூடித்தான் நடப்பு வட்டியையே முடிவு செய்தார்கள். கோவணாண்டி முருகன் சந்நிதியில் வட்டி விகிதம்!

கடன் வாங்கிய பர்மிய உழவன் அந்தக் கூட்டத்தில் இல்லை. 1930-களில் நெல் விலை சரிந்தது. கீழ்ப் பர்மாவின் 13 நெல் மாவட்டங்களில் 1930-ல் சுமார் 6 சதவீதமாக இருந்த செட்டியார் நிலம் 1937-ல் 25 சதவீதமானது. நிலம் தேடி யாரும் போகவில்லை, கொடுத்த பணம்தான் நிலமாகத் திரும்பியது. உண்மைதான். வயலைப் பறிகொடுத்தவனுக்கு அதில் என்ன ஆறுதல்?

பிறகு பர்மா சர்க்கார் பேரேட்டைக் கையில் எடுத்தது. 1948-ல் நில தேசியமயச் சட்டம். 1962-ல் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1963-ல் வங்கிகள் போயின, 1964-ல் கடைகள். அதே ஆண்டு மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகளும் செல்லாமல் போயின. சாமி கூட்டாளி என்றால் நஷ்டத்திலும் பங்கு உண்டா என்று கேட்கத் தோன்றும். அதற்கு முன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு: மகமைக்கு இடம் வைத்த பேரேட்டில், கடன்காரன் மூழ்கும்போது கொஞ்சம் விட்டுக்கொடுக்க ஏன் ஒரு பத்தி இல்லை?

இன்று தொழில் படிப்பது பேரேட்டில் இல்லை, கல்லூரியில். கோட்டையூர் அழகப்ப செட்டியார் 1947-ல் காரைக்குடியில் கல்லூரி தொடங்கினார். அவர் பெயரிலுள்ள பல்கலைக்கழகத்தில் இன்று எம்.பி.ஏ. நடக்கிறது. அந்தப் பிள்ளைகளுக்கு 1964-ஐச் சொல்லும்போது 1937-ஐயும் சேர்த்துச் சொல்லுங்கள்.