இடக்கரடக்கலும் இளங்குழந்தையும்

கிள்ளானில் என் மகள் வீட்டில் கழித்த ஒரு மாலைப்பொழுதில் இக்கட்டுரைக்கான எண்ணம் பிறந்தது. ஒன்றரை வயதுப் பேத்தியை மகள் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். நீரின் ஓசையோடு தாயும் சேயும் நிகழ்த்திய பாடமும் கூடத்தில் அமர்ந்திருந்த என் செவியில் விழுந்தது. "கண் எங்கே? மூக்கு எங்கே? காது எங்கே?" என்று தாய் வினவ, குழந்தை தொட்டுக் காட்டியது போலும், சிரிப்பொலியே விடையாக வந்தது. வாய், கழுத்து, கை, வயிறு என்று பாடம் மேலிருந்து கீழே இறங்கிற்று. வயிற்றுக்கு அடுத்து, "கால் எங்கே?" என்றாள். முப்பது ஆண்டுகளாகப் பிள்ளைகள் வாய்பாடு ஒப்புவிக்கக் கேட்டுப் பழகிய செவி எனது. இடையில் ஒன்று விடுபட்டால் உடனே உணர்ந்துவிடும். அன்றும் உணர்ந்தது. விட்டவள் என் மகள். அவ்விடத்தை விட்டுவிட்டே அவளுக்குக் கற்பித்தவர்கள் நானும் என் மனைவியும்.

குழந்தை உறுப்புப் பெயர்களைக் கற்கும் வகை எண்ண எண்ண வியப்புத் தருவது. தன் கண்ணைத் தான் கண்ட குழந்தை உண்டா? தன் மூக்கையும் நெற்றியையும் காதையும் அது காண இயலாது. தாயின் முகத்தில் கண்டு, தாயின் வாயால் பெயர் கேட்டு, அப்பெயரைத் தன் முகத்திற்கு அது மாற்றிக்கொள்கிறது. தன் உடலைப் பிறர் உடலின் வழியாகவே அறிகிறது. அமெரிக்க ஆய்வாளர்களாகிய பெர்கல்சன், சுவிங்லி இருவரும் 2012இல் வெளியிட்ட ஆய்வு, 6 முதல் 9 மாதக் குழந்தைகளே உணவுப் பெயர்களையும் உறுப்புப் பெயர்களையும் ஓரளவு விளங்கிக்கொள்கின்றன எனக் காட்டிற்று. வாய் பேசத் தொடங்குமுன்பே பாடம் தொடங்கிவிடுகிறது. நம் பிள்ளைத்தமிழ்ப் புலவர்கள் இதனை வேறொரு வழியில் கண்டிருந்தனர் என்றே நினைக்கத் தோன்றுகிறது. தலை நிமிரும் செங்கீரை, நாவசையும் தால், கை கொட்டும் சப்பாணி, வாய் குவியும் முத்தம், அடியெடுத்து வரும் வாரானை எனக் குழந்தையின் உறுப்புகள் ஒவ்வொன்றாக விழித்தெழும் வரிசையிலேயே பருவங்களை வகுத்தனர்.

ஆயினும் இக்கல்வி அத்துணை எளிதன்று. மூக்கைத் தொட்டு "மூக்கு" என்றால், அச்சொல் மூக்கைக் குறிக்கிறதா, தோலையா, முகம் முழுவதையுமா, அன்றித் தொடுதலையேயா என்று குழந்தை எங்ஙனம் அறியும்? அமெரிக்க மெய்யியலாளர் குவைன் 1960இல் வெளியிட்ட நூலில், முயல் ஓடுவதைக் கண்டு அயல்மொழிக்காரன் எழுப்பும் சொல்லை எடுத்துக்காட்டாக வைத்து இத்தகைய ஐயத்தை எழுப்பினார். நம் இலக்கண மாணவர்க்கு இது முதல், சினை பற்றிய சிக்கலாகத் தோன்றும். ஒரு முதலை எத்தனைச் சினைகளாகப் பகுப்பது? தமிழில் தோள் முதல் விரல் நுனி வரை 'கை' என்கிறோம். மலாயில் 'தாஙான்' என்ற சொல்லும் மணிக்கட்டோடு நில்லாமல் அதற்கு மேலும் வழங்குவதுண்டு. ஆங்கிலேயரோ மணிக்கட்டில் கோடு கிழித்து இரு பெயர் இட்டனர். நம் வட்டாரக் குழந்தை இம்மூன்று மொழிகளுக்கும் நடுவே வளர்கிறது. உடல் ஒன்றே, அதன் வரைபடத்தைச் சொற்களே வரைகின்றன. அப்படத்தில் ஓரிடத்தை நாம் வெறுமையாக விட்டால், குழந்தை அவ்வெறுமையையும் கற்கிறது. பேசக்கூடாத ஓரிடம் தன் உடலில் உண்டு என்பதை யாரும் சொல்லாமலே அறிந்துகொள்கிறது.

இங்கே என் தொழிலின் மேல் எனக்கே ஒரு கேள்வி எழுந்தது. தகுதி வழக்கின் மூவகைகளுள் ஒன்றாக நன்னூலார் கூறும் இடக்கரடக்கலை எத்தனையோ வகுப்புகளில் மகிழ்ச்சியோடு கற்பித்திருக்கிறேன். 'கால் கழுவி வந்தேன்' என்னும் எடுத்துக்காட்டைக் கேட்டு மாணவர் சிரிப்பர். சிரிப்பு அடங்கியபின், நாகரிகமுள்ள சமுதாயம் சொற்களுக்கும் ஆடை அணிவிக்கிறது என்பேன். அக்கருத்தை இன்றும் கைவிடவில்லை. ஆனால் அன்று மாலை எனக்குப் புலப்பட்டது வேறொன்று. இடக்கரடக்கல் செயற்பட வேண்டுமாயின், சொல்பவனும் கேட்பவனும் மறைக்கப்பட்ட சொல்லை முன்பே அறிந்திருத்தல் வேண்டும். அறிந்ததனை அடக்குவதே அடக்கல். அச்சொல்லையே பெறாத குழந்தையிடம் அடக்குவதற்கு என்ன இருக்கிறது? தொல்காப்பியரும் இத்தகு சொற்களை 'அவையல் கிளவி' என்றே பெயரிட்டார். அவைக்கு ஆகாதது என்பதே அதன் பொருள். தாயின் மடி அவையா? மருத்துவரின் அறை அவையா?

இவ்வளவும் இலக்கண ஆராய்ச்சியோடு நின்றிருந்தால் எழுதத் துணிந்திரேன். பல ஆண்டுகளுக்கு முன் நான் வகுப்பாசிரியராக இருந்த காலத்தில், இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி அடிக்கடி "வயிறு வலிக்கிறது, சார்" என்று வந்து நிற்பாள். காலையில் உண்ணாமல் வந்திருப்பாள் என்று எண்ணி ரொட்டி வாங்கிக் கொடுத்தேன். மறுமுறை தைலம் தடவிப் படுக்க வைக்குமாறு ஆசிரியை ஒருவரிடம் அனுப்பினேன். பாடத்திற்கு அஞ்சி நடிக்கிறாளோ என்றும் ஒருநாள் ஐயுற்றேன். ஏறத்தாழ இரு வாரங்களுக்குப் பின், மருந்தகத் தாதி ஒருவர் தாளில் ஓர் உருவம் வரைந்து, "எந்த இடத்தில் வலி? விரலை வை" என்று கேட்டபோதுதான், குழந்தையின் விரல் வயிற்றைத் தாண்டிக் கீழே சென்றது. சிறுநீர்ப் பாதையில் தொற்று, காய்ச்சலும் தொடங்கியிருந்தது. அவள் பொய் சொல்லவில்லை. அவள் வீட்டில் இடுப்புக்குக் கீழ் முன்புறம் எல்லாமே 'வயிறு'தான். தன்னிடம் இருந்த சொற்களுள் அருகில் உள்ளதை எடுத்து எங்களிடம் நீட்டினாள். நானோ பதிவேட்டில் மூன்று முறை 'வயிற்றுவலி' என்று எழுதி வைத்தேன். குழந்தை தேறிவிட்டாள். ஆனால் அது நோயாக இருந்ததனால் பிழைத்தோம். வேறொன்றாக இருந்திருந்தால் என்ற நினைவு என்னை விட்டு அகலவில்லை.

அந்த வேறொன்றும் நம் நகரில் நிகழாததன்று. ரிச்சர்ட் ஹக்கிள் என்னும் பிரிட்டன் நாட்டவன் கோலாலம்பூரில் ஏழைக் குடும்பங்களோடு நட்புப் பாராட்டி, 2006 முதல் 2014 வரை பிள்ளைகளுக்கு இழைத்த பாலியல் கொடுமைகள் பின்னரே வெளிப்பட்டன. 71 குற்றங்களை ஒப்புக்கொண்ட அவனுக்கு 2016 ஜூன் மாதத்தில் இலண்டன் நீதிமன்றம் 22 ஆயுள் தண்டனைகள் விதித்தது. பாதிக்கப்பட்டோர் 6 மாதக் குழந்தை முதல் 12 வயதுச் சிறார் வரை. 2017இல் நம் நாட்டில் சிறார்களுக்கு எதிரான பாலியல் குற்றச் சட்டம் இயற்றப்பட்டது. அச்சட்டம் குழந்தையைச் சாட்சி கூறும் தகுதியுடையதாகவே முதலில் கொள்கிறது. வேறு சான்று துணை நில்லாவிடினும் குழந்தையின் சாட்சியத்தை மட்டுமே கொண்டு தண்டிக்க நீதிமன்றத்திற்கு இடம் தருகிறது. குழந்தையின் சொல்லைச் சட்டம் நம்ப முன்வந்துவிட்டது. அச்சொல்லை அதற்கு யார் கொடுத்தோம்?

ஒன்றைத் தெளிவுபடுத்துதல் என் கடமை. சொல் காவலன் ஆகாது. 6 மாதக் குழந்தைக்கு எந்தச் சொல் துணை நிற்கும்? காக்க வேண்டியவர்கள் பெரியவர்களே. அச்சுமையைப் பிள்ளைகளின் தலையில் ஏற்றிவிட்டு நாம் ஒதுங்குதல் அறமன்று. குழந்தை கூறும்போது நம் காதில் சரியாக விழ வேண்டும் என்பதற்காகவே சொல்லைக் கொடுக்கச் சொல்கிறேன். தீங்கு செய்வோர் பெரும்பாலும் குழந்தைக்கு அறிமுகமானவர்களே என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். "இது நமக்குள் இரகசியம்" என்று அவர்கள் கூறும்போது குழந்தைக்கு அது புதிதாகத் தோன்றுவதில்லை. அவ்விடம் பற்றிப் பேசுவதில்லை என்பதை நாம் முன்னமே பழக்கிவைத்திருக்கிறோம்.

எந்தச் சொல்லைக் கொடுப்பது என்பதில்தான் உண்மையான இடர்ப்பாடு இருக்கிறது. பழைய சொற்கள் தெருவில் வசையாகிவிட்டன. 'பிறப்புறுப்பு' என்னும் பாடநூற் சொல் ஒன்றரை வயது நாவுக்கு ஏறாது. மூக்கையே 'முக்கு' என்னும் பருவம் அது. 'ஆண்குறி', 'பெண்குறி' என்பவற்றிலுள்ள குறி என்பதும் அடையாளம் என்றே பொருள்பட்டு, ஒருவகையில் இடக்கரடக்கலாகவே நிற்கிறது. வீடுகளிலோ பறவைப் பெயரும் பலகாரப் பெயரும் வழங்குகின்றன. குழந்தை பலகாரத்தின் பெயரைச் சொல்லி முறையிட்டால் எந்த ஆசிரியருக்கு விளங்கும்? என் கருத்து இது: மழலைப் பருவத்தில் வீட்டுச் சொல் ஒன்று இருக்கட்டும், ஆனால் அது வேறெந்தப் பொருளுக்கும் உரியதாக இருத்தல் ஆகாது, வீட்டார் அனைவரும் அதையே வழங்க வேண்டும், பாலர் பள்ளி ஆசிரியைக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். நான்கைந்து வயதில் குறி என்னும் சொல்லையே கொடுத்துவிடலாம். நலக்கல்விப் பாடம் வரட்டும் என்று ஏழு வயது வரை காத்திருத்தல், 6 மாதத்தில் தொடங்கும் கல்விக்கு மிகவும் பிந்தியதாகும்.

இதை வீட்டில் எடுத்துரைத்தபோது என் மனைவி கேட்ட கேள்விக்கு உடனே விடை கூற இயலவில்லை. "பிரிக்பீல்ட்ஸ் கந்தசுவாமி கோயிலில் நூறு பேர் நடுவில் அவள் அந்தச் சொல்லை உரக்கச் சொன்னால் நீங்கள் எங்கே போய் நிற்பீர்கள்?" என்றாள். நியாயமான கேள்விதான். ஆனால் குழந்தை மூக்குச் சளியைப் பற்றியும் கோயிலில் உரக்கப் பேசும். அதற்காக மூக்கின் பெயரை யாரும் மறைப்பதில்லை. முதலில் சொல்லைக் கொடுத்து, எங்கே சொல்லலாம், எங்கே அடக்க வேண்டும் என்று பின்னர்ப் பழக்குவதே முறை. இடக்கரடக்கல் தொடங்க வேண்டிய இடம் அதுவே. இவ்வாறு விளக்கினேன். அவள் ஒன்றும் மறுமொழி கூறாமல் அடுப்படிக்குச் சென்றுவிட்டாள். எளிதில் இணங்குபவள் அல்லள்.

மகளிடம் நான் நேரில் பேசவில்லை. தந்தை பேசத் தயங்கும் பொருள் அது. எழுதிய வரைவைப் படிக்கக் கொடுத்தேன். சென்ற கிழமை மீண்டும் கிள்ளான் சென்றிருந்தோம். அன்று பேத்தியைக் குளிப்பாட்டியவள் என் மனைவி. கண், மூக்கு, வாய், கை, வயிறு என்று பாடம் இறங்கி வந்தது. வயிற்றுக்குப் பின் சற்று அமைதி. நீர் விழும் ஓசை மட்டும் கேட்டது. பிறகு, வாசலில் யாரோ ஒட்டுக் கேட்பதுபோல மிகத் தாழ்ந்த குரலில் அவள் அச்சொல்லைச் சொன்னாள். குழந்தை அதைப் பாதியாக்கித் திரும்பச் சொல்லிற்று, உடனே முழங்காலைத் தட்டி, "இது?" என்று கேட்டது.