மௌனம் யாருடையது?

லினக்ஸ் மடிக்கணினியை அணைக்கச் சொல்லியாயிற்று. பையின் ஜிப்பைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறார் உரிமையாளர். திரை கறுத்துவிட்டது, ஆனால் கணினி அணையவில்லை. கறுப்புக்கு நடுவே ஒரு வரி: சர்வர் பதில் சொல்லவில்லை, இன்னும் முயல்கிறேன். அந்த சர்வரோ பக்கத்து அறையில் விளக்கு மினுக்க நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கிறது.

வைஃபையையும் கேபிளையும் ஆளைக் கேட்காமலே மாட்டிக் கழற்றுவது நெட்வொர்க்மேனேஜர். ஊர் ஊராக அலையும் மடிக்கணினிகளை மனத்தில் வைத்து 2004இல் ரெட் ஹேட் நிறுவனத்தார் தொடங்கியது. இன்னொரு கணினியின் கோப்புகளை நம் வட்டிலேயே இருப்பதுபோலக் காட்டுவது என்.எஃப்.எஸ். இது 1984இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸில் பிறந்தது, மேசையைவிட்டு நகராத கணினிகளின் காலத்தில். முன்னது முதலில் கடையைக் கட்டிவிட்டால் பின்னது நடுத்தெருவில்தான் நிற்கும்.

நிற்பதென்றால் சாதாரணமாக அல்ல. வழக்கமான அமைப்பில் என்.எஃப்.எஸ். முடிவில்லாமல் காத்திருக்கும். அப்படிக் காத்திருக்கும் வேலை, ப்ராசஸ் பட்டியலில் ‘டி’ என்ற ஒற்றை எழுத்தாகத் தெரியும். சிபியு சும்மா இருக்க, அப்படிப்பட்ட வேலைகள் சேரச் சேர லோடு ஆவரேஜ் மட்டும் ஏறிக்கொண்டே போகும். ‘சாஃப்ட்’ என்று மாற்றினால் சில முயற்சிகளுக்குப் பிறகு கைவிட்டுவிடும். ஆனால் எழுதிக்கொண்டிருந்த தரவு சத்தமில்லாமல் சிதையலாம் என்று அதன் கையேடே எச்சரிக்கிறது.

இந்த விடாப்பிடி ஒரு பழைய வழக்கை நினைவூட்டுகிறது: இறைவனை நாம் பற்றிக்கொள்வதா, அவனால் பற்றப்படுவதா என்று வைணவத்தில் வடகலைக்கும் தென்கலைக்கும் உள்ள வழக்கு. வடகலையின் குரங்குக்குட்டி தாயைத் தானே இறுக்கிப் பிடிக்கிறது. தென்கலையின் பூனைக்குட்டியைத் தாய் கவ்விச் செல்கிறது. என்.எஃப்.எஸ்.ஸின் இரண்டாம், மூன்றாம் பதிப்புகளில் சர்வர் யாரையும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. அது விழுந்து எழுந்தாலும், பிடியை விடாத குட்டி விட்ட இடத்திலிருந்தே தொடரும். குரங்குக்குட்டிதான், சந்தேகமில்லை. தாய்க்குக் குட்டியின் அடையாளமே தெரியாது என்பதை மட்டும் வடகலையார் ஒப்ப மாட்டார்கள்.

இன்னொரு இடத்திலும் உவமை இடிக்கிறது. இரண்டு குட்டிகளுக்கும் தாயின் உடம்பு தொட்டால் தெரியும். வலையில் காத்திருப்பவனுக்குத் தெரிவதெல்லாம் மௌனம். சர்வர் செத்ததா, நடுவில் ஸ்விட்ச் கெட்டதா, நம் வீட்டு ஆளே கம்பியைக் கழற்றினானா என்பதை மௌனத்தை மட்டும் கேட்டுப் பிரித்தறிய முடியாது. ஆனாலும் கர்னல் எழுதுவது ‘சர்வர் பதில் சொல்லவில்லை’ என்றுதான். ‘என் வழி அறுந்திருக்கலாம்’ என்று எழுதுவதில்லை. தெய்வம் செவிசாய்க்கவில்லை என்று நொந்துகொண்டவர்களில் எத்தனை பேர் இந்த ரகமோ.

நான்காம் பதிப்பில் சர்வரும் நினைவு வைத்துக்கொள்ளத் தொடங்கியது, குத்தகைக் கணக்கில். லினக்ஸ் சர்வரில் அது வழக்கமாக 90 விநாடி. அதற்குள் குரல் கொடுத்துப் புதுப்பிக்காதவனின் பூட்டுகளை வேறொருவருக்குக் கொடுக்க சர்வருக்கு உரிமை உண்டு. கத்தினால்தான் கவ்வும் பூனை!

அணைக்கும்போது என்.எஃப்.எஸ். இணைப்பான மவுன்ட்டை இறக்கிய பிறகே வலையை நிறுத்த வேண்டும் என்ற வரிசை, லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிறுத்தும் இப்போதைய சிஸ்டம்டிக்குத் தெரியும். ஆனால் வைஃபை இணைப்பு ஒரே பயனர் பெயரில் மட்டும் இருந்தால், அவர் வெளியேறிய கணமே நெட்வொர்க்மேனேஜர் அதைத் துண்டித்துவிடும், மவுன்ட் இறங்கியதோ இல்லையோ. பையோடு நிற்பவர் நாளைக்கு அமைப்புக்குள் போய் ‘எல்லாப் பயனர்களும்’ என்ற கட்டத்தில் ஒரு டிக் போட்டுவிடலாம். இன்றைக்கு, பவர் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.