நிலாச்சோறும் ஆந்தையும்

தஞ்சைத் தரணியில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு நிலாச்சோறு என்ற சொல்லைக் கேட்ட அளவிலேயே நாவில் நீர் ஊறும். நிலாக் காயும் முற்றத்தின் நடுவே பாட்டி அமர்ந்திருப்பார். கல்சட்டியில் குழையப் பிசைந்த சோற்றை அவர் உருட்டித் தர, சுற்றி அமர்ந்த பிள்ளைகள் முறை வைத்துக் கை நீட்டுவார்கள். உள்ளங்கையில் விழுந்த உருண்டையில் கட்டைவிரலால் ஒரு குழி செய்து, அதில் வற்றல் குழம்பை வார்த்துக்கொள்வது பிள்ளைகளின் வழக்கம். சித்ரா பௌர்ணமி அன்று ஆற்று மணலிலேயே இந்த விருந்து நடந்த காலமும் உண்டு.

இக்காட்சியை நாம் எதிர் வீட்டிலிருந்து கண்டோமே ஒழிய, அதில் கலந்துகொண்டதில்லை. நாம் வளர்ந்த கரந்தை இல்லத்தில் கதிரவன் மறையுமுன் அடுப்பு அணைந்துவிடும், பாத்திரங்கள் கவிழ்க்கப்பட்டுவிடும். அதற்காக வருந்தியதாகவும் நினைவில்லை. நம் பாட்டியார் கூறிய காரணம் நமக்குப் போதுமானதாக இருந்தது. "இரவில் உண்பவர் மறுபிறவியில் ஆந்தையாவர்" என்பார் அவர். பழைய நூல்கள் சிலவற்றிலும் காணப்படும் செய்திதான். நாம் அஞ்சினோம், உண்ணாதிருந்தோம். அஞ்சியதால் நமக்கு ஒரு கேடும் வந்ததாக அக்காலத்தில் தோன்றவில்லை.

2023ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் தீபாவளி. பெங்களூருவில் பணிபுரியும் மகன் குடும்பத்துடன் வந்திருந்தான். மகனும் மருமகளும் கும்பகோணத்து உறவினரைக் காணச் சென்றிருக்க, எட்டு வயதுப் பேத்தியும் ஐந்து வயதுப் பேரனும் நம் பொறுப்பில் இருந்தனர். ஐப்பசியில் தஞ்சையில் ஆறு மணிக்கு முன்பே கதிரவன் மறைந்துவிடுகிறான். பேரன் உண்டுவிட்டான். பேத்தி தெருப் பிள்ளைகளோடு விளையாடும் மகிழ்ச்சியில் இரண்டு கவளம் உண்டதாகப் பெயர் செய்துவிட்டு ஓடிவிட்டாள். இரவு எட்டு மணிக்கு வந்து, "பாட்டி, பசிக்கிறது, ஒரே ஒரு தோசை" என்றாள்.

ஒரு குவளைப் பால் கொடுத்திருக்கலாம். வாழைப்பழம் இருந்தது. "இன்று மறந்துவிட்டாய், நாளை நேரத்தோடு உண்போம்" என்று சொல்லி முடித்திருக்கலாம். ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் இரண்டாண்டு பயின்று, முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன நாம் அன்று எடுத்தது பாட்டியாரின் ஆந்தையைத்தான். அது பெரிய கண்களை உருட்டி விழிக்கும், பகலில் வெளியே வர இயலாது, காகங்கள் அதனைத் துரத்தும் என்றெல்லாம் நன்றாகவே வருணித்தோம். கதை சொல்வதில் நமக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. பேத்தி வாய் திறவாமல் போய்ப் படுத்தாள். பசியோடு உறங்கினாள்.

ஒரு வாரம் கழித்து மருமகள் தொலைபேசியில் அழைத்தாள். அவள் குரல் உயர்த்திப் பேசுபவள் அல்லள். "அத்தை, அவள் அப்பாவைச் சாப்பிட விடமாட்டேன் என்கிறாள். ஒன்பது மணிக்கு வேலை முடிந்து வந்து தட்டின் முன் உட்கார்ந்தால், அப்பா ஆந்தையாகிவிடுவார் என்று அழுகிறாள். இரண்டு நாளாக அவர் வெளியிலேயே சாப்பிட்டுவிட்டு வருகிறார்" என்றாள்.

அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. நல்ல ஒழுக்கத்தைத்தானே கற்பித்தோம் என்று மனம் முதலில் வாதாடியது. இரவுணவு நீத்தல் நம் இல்லறத்தாரின் அடையாளங்களுள் ஒன்று. எத்தனையோ வழக்கங்கள் கைநழுவிய இக்காலத்தில் இதையேனும் பேரப்பிள்ளைகள் கைக்கொள்ள வேண்டாமா? அந்நோக்கத்துக்காக ஒரு சிறு அச்சத்தை ஊட்டினால் பிழையா?

ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அமிர்தசந்திராசாரியரின் 'புருஷார்த்த சித்யுபாயம்' நம் வீட்டில் உண்டு. இரவுணவைப் பற்றி அவர் கூறுவதைத் தேடிப் படித்தோம். விளக்கொளியில் உண்டாலும் உணவில் விழும் நுண்ணுயிர்களுக்கு நேரும் தீங்கினை எவ்வாறு தவிர்க்க இயலும் என்று அவர் கேட்கிறார். நியாயமான கேள்வி. ஆனால் அதே நூலில், பொய்யைப் பற்றிப் பேசும் இடத்தில், கேட்பவர்க்கு அச்சத்தையும் துயரையும் விளைவிக்கும் சொல்லையும் அவர் பொய்யின் வகையிலேயே சேர்த்திருக்கிறார். எத்தனையோ முறை புரட்டிய நூல். அந்தப் பகுதியை நம்மை நோக்கிக் கூறியதாக அதுவரை நாம் படித்ததே இல்லை.

பூச்சிக்கு இரங்கும் நூல்தான், குழந்தையை அச்சுறுத்தாதே என்றும் கூறுகிறது. ஒன்றைக் காப்பதற்கு மற்றொன்றைக் கைவிட நமக்கு என்ன உரிமை?

மறுநாள் பேத்தியை அழைத்து, "ஆந்தையைப் பற்றிப் பாட்டி சொன்னது தவறு, அப்பா ஆந்தையாக மாட்டார்" என்று சொன்னோம். பள்ளியில் கரும்பலகையில் எழுதிய பிழையை மாணவி சுட்டிக்காட்டினால் திருத்திக்கொள்வது எளிது. இது அவ்வளவு எளிதாக இல்லை. அவள் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு கேட்டாள்: "அப்படியென்றால் ஆந்தை பொய்யா? பூச்சி சாகும் என்றீர்களே, அதுவும் பொய்யா?"

அச்சத்தால் கற்பிப்பதன் இழப்பு இன்னதென்று அப்போது விளங்கிற்று. அச்சம் ஒருநாள் தெளியத்தான் போகிறது. தெளியும்போது, அதனோடு சேர்த்துக் கட்டிவைத்த உண்மையையும் அது இழுத்துக்கொண்டு போகிறது. நாம் ஆந்தையை விட்டுவிட்டுப் பூச்சியை மட்டும் சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாள். அதற்குச் சான்றும் கண்முன்னே இருந்தது. சம்பாப் பயிர் நிற்கும் ஐப்பசி, கார்த்திகையில் நம் பகுதியில் மாலை விளக்கை ஏற்றிய சிறிது நேரத்தில் பச்சைத் தத்துப்பூச்சிகள் திரள்திரளாக வந்து குழல் விளக்கை மொய்க்கும். வேளாண்மைத் துறையினர் விளக்குப் பொறி வைத்து இவற்றைக் கவர்வதும் இவ்வியல்பினால்தான். அந்நாள்களில் எச்சமயத்தவர் வீடாயினும் விளக்கை அணைத்துவிட்டோ, பொழுதோடோ உண்டு முடிப்பார்கள். மின்விளக்கு வந்த பிறகு இந்த விதி எதற்கு என்று கேட்பவர்கள் காவிரிப் படுகையில் ஒரு ஐப்பசி மாதம் தங்கிப் பார்க்கலாம்.

இரவில் தாமதமாக உண்பது உடலுக்கு ஏற்றதன்று என்று மருத்துவர்கள் கூறுகிறார்களே, அதைச் சொல்லலாமே என்று நம் தோழியார் ஒருவர் யோசனை கூறினார். சொல்லலாம், உண்மையும் கூட. ஆனால் அப்படிச் சொன்னால் பூச்சி மறைந்து நம் வயிறு மட்டுமே எஞ்சும். அதில் நமக்கு விருப்பமில்லை.

வேறொன்றும் உறுத்தியது. நாற்று நடவுக்குச் செல்லும் பெண்டிர் பொழுது சாய்ந்த பின்னரே வீடு திரும்பி உலை வைக்கின்றனர். அவர்கள் நட்ட நாற்றின் சோற்றைத்தான் நாம் பகலொளியில் ஆற அமர உண்கிறோம். அவர்களெல்லாம் ஆந்தைகளா? ஒன்பது மணிக்கு வீடு திரும்பும் நம் மகன்தான் என்ன செய்வான்? சமந்தபத்திரர் தமது 'ரத்னகரண்டக சிராவகாசார'த்தில் இல்லறத்தார்க்குப் பதினொரு படிகள் வகுத்து, இரவுணவு நீத்தலை ஆறாம் படியாக வைத்தார். நம் முன்னோர் அதனை முதற்படியிலிருந்தே கைக்கொண்டது அவர்களது மேன்மை. எனினும் படி என்று ஒன்றை வைத்ததே அவரவர் காலால் ஏறுவதற்காகத்தானே? எட்டு வயதுக் குழந்தையை ஆந்தையை விட்டுத் துரத்தி ஆறாம் படியில் ஏற்ற முயன்றிருக்கிறோம்.

2024 ஏப்ரல் 19ஆம் நாள் வெள்ளிக்கிழமை, நாடாளுமன்றத் தேர்தலுக்கு வாக்களிக்க மகன் குடும்பத்துடன் வந்தான். 21ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை மகாவீர ஜயந்தி. 23ஆம் நாள் சித்ரா பௌர்ணமி. நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த எண்ணம் தோன்றியது. முழுநிலா, கதிர் மறையும் வேளையில் எழும். நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ ஐம்பது நிமிடம் பிந்தி எழுவது நிலாவின் வழக்கமாதலால், பௌர்ணமிக்கு முந்தைய நாள்களில் அது பகலிலேயே வந்துவிடும். சதுர்த்தசி நமக்கு உபவாச நாள். அதற்கும் முதல் நாளாகிய திரயோதசியில் மாலை ஐந்து மணிக்கெல்லாம் நிலா கீழ்வானில் ஏறியிருக்கும். கதிரவனும் மேற்கே இருப்பான். எழுபது வயதைக் கடந்த பிறகு இது நமக்குத் தோன்றியதே என்று வெட்கமாகவும் இருந்தது. நம் பாட்டியார் காலத்திலும் திரயோதசி இருந்ததல்லவா?

சனிக்கிழமையே ஏற்பாடு தொடங்கியது. உறவினர் வயலில் விளைந்த கிச்சிலிச் சம்பா அரிசியை முறத்தில் பரப்பிப் பிள்ளைகளிடம் கொடுத்தோம். 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்த மரியா மாண்டிசோரி அம்மையார், பிள்ளைகள் பொம்மைகளைக் காட்டிலும் உண்மையான வேலையையே விரும்புவர் என்று கற்பித்ததைப் பயிற்சிப் பள்ளியில் தேர்வுக்காகப் படித்திருந்தோம். பேரன் அதை நிரூபித்தான். அரிசியில் ஊர்ந்த வண்டுகளை ஒவ்வொன்றாக ஒரு வாழையிலைத் துண்டில் ஏற்றி, ஒவ்வொன்றுக்கும் தன் வகுப்புத் தோழர்களின் பெயரைச் சூட்டினான். பதினான்கு வண்டுகள். தோட்டத்தில் விடப் போனவன் திரும்பி வந்து, "வெளியே அவர்களுக்குச் சாப்பாடு யார் கொடுப்பார்கள்?" என்று கேட்டான். ஒரு பிடி அரிசி கொடுத்தனுப்பினோம். மல்லிகைத் தொட்டியின் அடியில் அதை வைத்துவிட்டு, மாலை வரை நான்கு முறை போய்ப் பார்த்தான். ஆந்தையை நாம் அழைக்கவே இல்லை என்பதைச் சொல்ல வேண்டும்.

மறுநாள் காலை ஆதிநாதர் ஜினாலயத்தில் வழிபாடு முடித்து வந்தோம். பேத்தி செப்புக் குடத்தின் வாயில் துணியை இரட்டையாக மடித்துப் பிடிக்க, நீர் வடிகட்டினோம். வடிகட்டிய துணியைக் கிணற்று நீரிலேயே அலசிவிட வேண்டும் என்பதை அவளே நினைவூட்டினாள். பேரன் உருளைக்கிழங்கு கேட்டான். வாழைக்காய் வறுவல் கிடைத்தது. அது உருளைக்கிழங்கு இல்லை என்பதை நான்காவது துண்டில்தான் கண்டுபிடித்தான். நாமும் சொல்லவில்லை, அவன் கேட்கவும் இல்லை. இதுவும் ஒரு வகைப் பொய்யோ என்று இதை எழுதும்போது ஐயம் எழுகிறது.

சித்திரை வெயிலில் மொட்டை மாடி கொதித்தது. மூன்று வாளி நீர் ஊற்றி, பாய் விரித்து, ஐந்தரை மணிக்கு அமர்ந்தோம். கல்சட்டியில் புளிக்குழம்புச் சோறு முதலில், தயிர்ச்சோறு பின்னர். மகனும் பிள்ளைகளோடு வட்டத்தில் அமர்ந்து கை நீட்டினான். பல ஆண்டுகளுக்குப் பின் அவன் பகலொளியில் மாலையுணவு உண்டதை அன்று கண்டோம். கிழக்கே நிலா இருந்தது. ஆனால் அது தேய்த்துக் கழுவாத வெள்ளித் தட்டைப் போல் வெளிறி இருந்ததை மறைப்பதற்கில்லை.

"பாட்டி, இது நிலாச்சோறா, சூரியச்சோறா?" என்றாள் பேத்தி.

"இரண்டும்தான்" என்றோம்.

"நிலா வெளிச்சமே இல்லையே. நாம் ஏமாற்றுகிறோமா?"

எல்லோரும் சிரித்தார்கள். நமக்குச் சிரிப்பு வரவில்லை. விதியின் எழுத்தைக் காப்பாற்றிக்கொண்டு விளையாட்டின் இன்பத்தையும் எடுத்துக்கொள்ளும் சாமர்த்தியம் இதில் இல்லை என்று நம்மால் உறுதியாகக் கூற முடியவில்லை. "இருட்டில் வரும் பூச்சிக்காகத்தான் நாம் முன்னால் வந்துவிட்டோம். நிலாவோடு நமக்குச் சண்டை இல்லை" என்று மட்டும் சொன்னோம். அவள் நிலாவைப் பார்த்தாள், மேற்கே பார்த்தாள், இன்னோர் உருண்டைக்குக் கை நீட்டினாள். ஆறேகால் மணிக்குக் கல்சட்டி காலியாயிற்று.

மகனும் மருமகளும் அன்றிரவே ஊர் திரும்பினர். பிள்ளைகள் விடுமுறைக்கு நம்மோடு இருந்தனர். செவ்வாய்க்கிழமை சித்ரா பௌர்ணமி. எதிர் வீட்டு அம்மையார் தம் மாடியில் நிலாச்சோற்றுக்குப் பிள்ளைகளை அழைத்தார். நம் வழக்கம் அறிந்தவர், தயங்கித்தான் அழைத்தார். பிள்ளைகளுக்கு மாலையிலேயே உணவளித்திருந்தோம். "போய் வாருங்கள்" என்று மட்டும் சொல்லி அனுப்பினோம். உண்ண வேண்டும் என்றோ, கூடாது என்றோ சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதற்கு மிகவும் முயல வேண்டியிருந்தது.

திண்ணையில் அமர்ந்து காத்திருந்தோம். எதிர் மாடியிலிருந்து சிரிப்பொலி வந்துகொண்டிருந்தது. நிலா உண்மையிலேயே அழகாக இருந்தது. ஒன்பது மணிக்கு இருவரும் வந்தார்கள். நாம் எதுவும் கேட்குமுன் பேத்தி, "நான் சும்மா உட்கார்ந்துதான் இருந்தேன் பாட்டி" என்றாள்.

அவள் முகத்தைப் பார்த்தோம். பூச்சிக்காக இருந்தாளா, அந்த ஆந்தை இன்னும் எங்கேனும் உட்கார்ந்திருக்கிறதா என்று கண்டுகொள்ள முடியவில்லை. பேரன் ஒன்றும் சொல்லாமல் வலக்கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நின்றான். புளிக்குழம்பு மணத்தது. கிணற்றடிக்கு அழைத்துச் சென்று, அவன் கை கழுவ நீர் வார்த்தோம்.