விதை காத்த பனிக்காலம்

விதையை வீட்டில் வைத்துக்கொண்டு பசித்திருத்தல் உழவர் குடியில் பிறந்தோர் யாவரும் அறிந்த துன்பம். பனி உறையும் நாடுகளில் அத்துன்பம் நீளமானது. இலையுதிர்காலத்தில் எடுத்து வைத்த விதையும் கிழங்கும் நிலம் இளகும் வரை மாதக்கணக்கில் காத்துக் கிடக்கும். தோட்டம் பேணுவோரும் உடன் காத்திருப்பர். அக்காத்திருப்பு எதுவரை அறம், எங்கே அது கொடுமையாகிறது என்பதையே நாம் ஈண்டுச் சிந்திக்க விழைகிறோம்.

1941 செப்டம்பர் 8இல் ஜெர்மானியப் படை ரஷ்யாவின் லெனின்கிராடு நகரை முற்றுகையிட்டது. (இன்று அந்நகர் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் என்னும் தன் பழம்பெயரையே தாங்கியுள்ளது.) முற்றுகை 1944 ஜனவரி 27 வரை நீடித்தது. முதற் குளிர்காலத்தில் ஒரு கட்டத்தில், தொழிலாளர் அல்லாதார்க்கு நாளொன்றுக்கு 125 கிராம் ரொட்டியே பங்கீடு. பல இலட்சம் மக்கள் பசியால் மாண்டனர்.

அந்நகரின் புனித ஐசக் சதுக்கத்தில் பயிரியல் ஆய்வு நிலையம் ஒன்று இருந்தது. அறிஞர் நிக்கொலாய் வவிலோவும் அவர்தம் குழுவினரும் பல நாடுகளில் அலைந்து சேர்த்த இலட்சத்திற்கும் மேற்பட்ட விதை மாதிரிகள் அங்கிருந்தன. வவிலோவ் அப்போது அங்கில்லை. 1940இல் கைது செய்யப்பட்ட அவர், 1943இல் சரத்தோவ் சிறையில் உணவின்றி நலிந்து இறந்தார்.

உடனுழைத்தோர் விதைகளை எலியினின்றும் பனியினின்றும் காத்தனர். தானியம் சில ஆண்டுகள் முளைப்புத்திறனோடு கிடக்கும். உருளைக்கிழங்கோ உறைந்தால் அழுகும். வெம்மை மிகுந்தால் முளைவிட்டு வாடும். ஆண்டுதோறும் நட்டே தீர வேண்டும். ஆகவே மேசை நாற்காலிகளையும் உடைத்து எரித்துக் கிழங்குகளை உறையாமல் காத்தனர். கந்தமூலங்களை விலக்கும் நம் இல்லங்களில் இச்செய்தி சற்றே விந்தையாகத் தோன்றலாம். நெல் மாதிரிகளைக் காத்த இவானோவ் அரிசிப் பொதிகளிடையே பசியால் இறந்தார். நிலக்கடலையைக் காத்த ஷ்சூகின் தம் மேசையருகிலேயே உயிர் துறந்தார்.

இதனைச் சல்லேகனையோடு ஒப்பிடத் தோன்றும். நாம் அதற்கு உடன்படுவதற்கில்லை. சல்லேகனை ஏற்பவர் உடற்பற்றைப் படிப்படியாகக் களைந்து முடிவை எதிர்கொள்கிறார். இவர்களோ வாழ விரும்பினர். இளவேனிலில் நட விரும்பினர். ஓரறிவுயிர் என்று விதைக்கு இரங்கியவர்களும் அல்லர். நாளை மாந்தர் உண்ண வேண்டுமென்றே காத்தனர். உயர்ந்த செயல் அனைத்திற்கும் நம் பெயரைச் சூட்டி மகிழ வேண்டியதில்லை.

கடினமான வினா வேறொன்று. தம் பசியைத் தாம் பொறுத்தல் தவம். அடுத்த வீட்டுக் குழந்தையின் பசியையும் சேர்த்துப் பொறுக்க எவர்க்கு உரிமை உண்டு? இளையான்குடி மாறனார் விருந்தினர்க்காக, விதைத்த நெல்லையே நள்ளிரவில் வாரி வந்ததைப் பெரியபுராணம் போற்றுகிறது. அது அறமெனின் இது என்ன? நிலையத்து விதை முழுவதும் நகரத்தார்க்கு ஒரு வேளைக்கும் போதாது என்று கணக்குக் கூறலாம். ஒரு குழந்தைக்குப் போதுமே! அதன் தாய்க்கு அக்கணக்கு விடையாகாது.

மாறனார் அள்ளியது தம்முடைய நெல். நிலையத்தார் கையிலிருந்தவையோ பிறர்பொருட்டு ஒப்படைக்கப் பெற்றவை. அவற்றுள் பல வேறெங்கும் கிடைத்தற்கரியன. இவ்வேறுபாடு பெரிது, எனினும் இது மட்டும் போதும் என நாம் கருதவில்லை. அவர்கள் தாமே ஒரு பிடி உண்டிருப்பின், பிறர்க்கு மறுக்கும் தகுதியை அக்கணமே இழந்திருப்பர். உண்ணவில்லை என்பதே அவர்கள் பக்கம் நின்று பேசுகிறது. அப்பொழுதும் அத்தாயின் வினா எஞ்சவே செய்கிறது. அதனை மூடிவிட நமக்கு மனம் வரவில்லை.

கிழங்கு காத்தோருள் ஒருவரான லெக்னோவிச், எழுவதும் கைகால் அசைப்பதுமே அந்நாளில் அரிதாயிருந்ததென்றும், சேகரித்தவற்றை உண்ணாதிருத்தல் சிறிதும் அரிதாயில்லை என்றும் பின்னாளில் கூறினார். நோன்பிருந்து பழகியோர் இதனை நம்புவர். உறுதி பூண்டபின் எதிரே இருப்பது உணவாகவே தோன்றுவதில்லை.

1942இல் பனி இளகியது. எஞ்சிய கிழங்குகள் நகர்ப்புறத்து நிலங்களில் நடப்பட்டன. மக்களும் பூங்காக்களைக் கொத்தித் தோட்டமாக்கினர். அவ்வாண்டு, அந்நிலையம் நின்ற அதே சதுக்கத்தில், பேராலயத்தின் எதிரே முட்டைக்கோசு விளைந்தது.