கீழே உட்கார்ந்திருப்பவர்

உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே அமராவதி நகர். ராணுவப் பள்ளி, முதலைப் பண்ணை, 1957-இல் கட்டி முடித்த அமராவதி அணை. அணையின் மேலே போகச் செங்குத்தான படிக்கட்டு உண்டு. போன ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு போயிருந்தோம். பிள்ளைகள் படியேறி ஓடிவிட்டார்கள். அம்மா அண்ணாந்து பார்த்துவிட்டு, "நீங்க போயிட்டு வாங்க சாமி, நான் இங்கயே உக்காந்திருக்கேன்" என்றார்.

மேலே நின்றால் ஒரு பக்கம் ஆனைமலையும் நீர்ப்பரப்பும், மறுபக்கம் வயலும் தென்னையும். அங்கேதான் தம்பி பயணப் பேச்சை எடுத்தான். பனியன் கம்பெனியில் ஷிப்மென்ட் முடிந்த கையோடு, ஏப்ரலில் சுவிட்சர்லாந்து போவதாக யோசனை. மலைக்கா, ஏரிக்கா? தம்பிக்கு மலை. அவன் மனைவிக்கு ஏரி. இரண்டு பேரும் போனில் படங்களைக் காட்டிக் காட்டி வாதாடினார்கள்.

படம் பார்த்து முடிவு செய்வதைவிட மாதம் பார்த்து முடிவு செய்வது நல்லது. ஏப்ரலில் ஆல்ப்ஸின் உயரமான நடைபாதைகளில் பனி இன்னும் கிடக்கும். பனிச்சறுக்குக் காலம் முடிந்து, கோடைக் கூட்டம் வருவதற்குள் பராமரிப்புக்காகப் பல கேபிள் கார்களை நிறுத்தி வைப்பார்கள். அதே நாட்களில் ஏரிக்கரையில் மரங்கள் பூத்திருக்கும். நம் அமராவதியில் தண்ணீர் இறங்கி கரை வெடிக்கும் பங்குனி, சித்திரையில்தான் அங்கே பனி உருகி ஏரிகளுக்கு வரத் தொடங்கும்.

மலையா ஏரியா என்று பிரித்துப் பார்க்கவும் அங்கே பெரிதாக இடமில்லை. இன்டர்லாகன் என்ற ஊரின் பெயருக்கே 'ஏரிகளுக்கு நடுவே' என்று பொருள். ஒருபுறம் தூன் ஏரி, மறுபுறம் பிரியன்ஸ் ஏரி. படகில் உட்கார்ந்தபடியே பனிமலைகளைப் பார்க்கலாம். 3,454 மீட்டர் உயரத்தில் இருக்கும் யுங்ஃபிராவ்யோக்குக்கு 1912 முதல் ரயில் ஓடுகிறது. ஆனால் அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவு, வயதானவர்களுக்கு மூச்சு வாங்கும். டாக்டரைக் கேட்டுவிட்டு ஏற வேண்டும்.

இதையெல்லாம் தம்பியிடம் சொல்லிக்கொண்டே இறங்கினேன். அம்மா எங்கள் பைகளுக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் காவலாக இருந்தார். எங்களைக் கண்டதும் கேட்ட முதல் கேள்வி: "தண்ணி எத்தனை அடி நிக்குது சாமி?"

அமராவதிப் பாசனத்தில் நெல் நட்ட வீட்டில் பிறந்தவர் அவர். 90 அடி நிறைந்தால் ஊருக்கே திருவிழா என்று வளர்ந்தவர். அந்த நீரைப் பார்க்கும் ஆசை எங்கள் எல்லாரையும்விட அவருக்குத்தான் அதிகம். நாங்களோ ஒரு மணி நேரம் மேலே நின்று வெளிநாட்டு ஏரியைப் பற்றிப் பேசினோம். கண் முன்னால் இருந்த தண்ணீரின் அளவைக் கவனிக்கவில்லை. பதில் சொல்லத் தெரியாமல் நின்றோம்.

பெரியவர்கள் 'நான் வரல' என்று சொல்லும்போது பெரும்பாலும் சொல்வது முழங்கால்தான். மனசு அந்த நேரம் படியேறிக்கொண்டிருக்கும். நாம் அந்தச் சொல்லை அப்படியே நம்பிவிடுகிறோம், நமக்கு அது வசதியாக இருப்பதால்.

அன்று இரவு தம்பி ஏரி என்று முடிவு செய்தான். மலையை விட்டுக்கொடுத்த வருத்தம் அவன் முகத்தில் இல்லை. படகில் அம்மாவுக்கு ஜன்னலோர இருக்கை கிடைக்குமா என்றுதான் விசாரித்துக்கொண்டிருந்தான்.

இன்று: உங்கள் அடுத்த பயணம் வெளிநாடோ, பக்கத்து அணையோ, இடத்தை முடிவு செய்வதற்கு முன் வீட்டில் மெதுவாக நடப்பவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "நீங்க எதைப் பாக்கணும்?"