ஏனையவை சமமாயின்

இரு கூட்டத்தாரை ஒப்பிட முனைவோர் அனைவரும், வெளிப்படையாகக் கூறாவிடினும், 'ஏனையவை சமமாயின்' என்ற நிபந்தனையை ஏற்றுக்கொண்டே தொடங்குகின்றனர். நோயுற்றோரின் மூளை நோயற்றோரின் மூளையினின்றும் வேறுபடுகின்றதா என ஆராயும்போது, ஒரு சாரார் முதியோராகவும் மறு சாரார் இளைஞராகவும் இருப்பின், காணப்படும் வேறுபாடு நோயினதா முதுமையினதா என்பது தெளிவாகாது. ஆதலின் வயது, தலையின் பருமன், கல்வி கற்ற ஆண்டுகள் முதலியன கணிப்பிற் சேர்க்கப்பட்டு அவற்றின் பங்கு கழிக்கப்படுகின்றது. இவ்வாறு உடன்வைத்து எண்ணப்படுவனவற்றை உடன்மாறிகள் எனலாம். கழித்தல் எண்கணிதச் செயல். எதனைக் கழிப்பது என்பதோ எண்கணிதத்தால் தீர்க்கத்தக்கதன்று.

19ஆம் நூற்றாண்டின் பாரிஸ் நகரிலே இதற்குத் தெளிவான சான்று உண்டு. பேச்சுக்குரிய மூளைப் பகுதியைக் கண்டறிந்தமையால் இன்றும் போற்றப்படும் போல் புறோக்கா, பாரிஸ் வைத்தியசாலைகளில் இறந்தோரின் மூளைகளை ஆராய்ந்தார். 292 ஆடவரின் சராசரி 1325 கிராம். 140 பெண்டிரின் சராசரி 1144 கிராம். பெண்களின் உடலும் சிறிதன்றோ என்ற வினாவை அவர் அறியாதவரல்லர். அவரே அதனை எழுப்பினார். ஆயினும், பெண்கள் சராசரியில் அறிவிற் சற்றுக் குறைந்தவர்கள் என்பதை மறத்தலாகாது என்று கூறி, உடலளவின் பங்கைக் கணித்துக் கழிக்காமலே விட்டுவிட்டார். நிறுவப்படவேண்டிய முடிவே ஆதாரத்தின் இருக்கையில் வந்து அமர்ந்துகொண்டது.

இதனோடு அவருடைய மற்றொரு கணிப்பையும் சேர்த்து நோக்குதல் வேண்டும். ஜேர்மனியரின் மூளை பிரெஞ்சுக்காரரின் மூளையிலும் ஏறத்தாழ 100 கிராம் கூடியது என்ற செய்தி 1861இல் பாரிஸ் மானிடவியற் சங்கத்தின் விவாதத்தில் எடுத்துக்காட்டப்பட்டபோது, அதே புறோக்கா உடலளவையும் வயதையும் இறப்பின் தன்மையையும் ஒவ்வொன்றாகக் கழித்து அம்மேன்மையை இல்லாததாக்கினார். இவ்விரு செயல்களையும் 1981இல் வெளிவந்த தமது நூலிலே அருகருகே வைத்துக் காட்டியவர் ஸ்ரீபன் ஜே கூல்ட். புறோக்காவின் எண்கள் பொய்யல்ல. அவரது அளவை நுட்பமானது. தம் நாட்டவருக்கு வழங்கிய நீதியைப் பெண்களுக்கு வழங்கவில்லை என்பதே குற்றம். அக்குற்றம் அட்டவணையில் எவ்விடத்தும் தெரிவதில்லை.

தராசின் இடத்தைக் காந்தப் பரிவுப் படப்பதிவு பெற்றுவிட்ட இக்காலத்தில், மூளையின் மொத்தப் பருமனைக் கணிப்பிற் சேர்த்ததும் ஆண், பெண் மூளைப் பகுதிகளின் பருமன் வேறுபாடுகளிற் பெரும்பாலானவை வெகுவாகச் சுருங்கிவிடுகின்றன. இதனைக் கண்டு, கழித்தலே எப்போதும் நீதி என்று கொள்வதும் பேதைமையாம்.

1967இல் பிரெடரிக் லோட் என்பார் இரண்டே பக்கங்களில் ஒரு முரண்புதிரை எழுதினார். பல்கலைக்கழக உணவுச்சாலையின் உணவு மாணவர், மாணவியர் நிறையை எவ்வாறு பாதிக்கின்றது என்று அறிய ஆண்டின் தொடக்கத்திலும் முடிவிலும் நிறை பார்க்கப்படுகின்றது. இரு சாராரின் சராசரியும் மாறவில்லை. ஆகவே வேறுபாடில்லை என்கிறார் ஒருவர். மற்றவர் தொடக்க நிறையை உடன்மாறியாகக் கொண்டு, ஒரே நிறையில் தொடங்கியோருள் ஆண்களே கூடுதலாக நிறை பெற்றனர் என்கிறார். கணிப்பில் இருவரும் தவறவில்லை. ஆனால் ஒரே நிறையுடைய ஆணும் பெண்ணும் யார்? அவன் தன் கூட்டத்தில் மெலிந்தவன். அவள் தன் கூட்டத்தில் பருத்தவள். அவரவர் தத்தம் கூட்டச் சராசரியை நோக்கி நகர்தல் இயல்பே.

மூளை ஆய்வில் இச்சிக்கல் மேலும் கூர்மை பெறுகின்றது. ஒரு கூட்டத்தின் வயது 20க்கும் 30க்கும் இடைப்பட்டது, மற்றையதன் வயது 65க்கும் 75க்கும் இடைப்பட்டது எனக் கொள்வோம். இரண்டிற்கும் பொதுவான சராசரியை நடுப்புள்ளியாக வைத்து வயதைக் கழித்தால், ஒப்பிடப்படுவோர் ஏறத்தாழ 47 வயதினர். அவ்வயதினர் எக்கூட்டத்திலும் ஒருவரேனும் இலர். நேர்கோடு ஒன்றை நீட்டிப் படைத்துக்கொண்ட மனிதர் அவர்கள். ஒவ்வொரு கூட்டத்தின் சராசரியையும் அவ்வக் கூட்டத்திற்கே நடுப்புள்ளியாக வைப்பின், வயது வேறுபாடு கழிக்கப்படாமலே நிற்கும். கணனி இரண்டையும் மறுப்பின்றிச் செய்துதரும். எவ்வினா கேட்கப்பட்டது என்பதை அது அறியாது.

மனப்பிளவு நோய் பெரும்பாலும் இளமையிலே தோன்றிக் கல்வியைக் குலைக்கின்றது. கல்வி ஆண்டுகளை உடன்மாறியாக்கிக் கழிப்பவர் நோயின் ஒரு பகுதியையே நோயிலிருந்து கழித்துவிடுகின்றார். நோய் குலைத்த கல்வியும் வறுமை மறுத்த கல்வியும் எண்ணில் ஒன்றே. இவற்றைப் பிரித்தறிய நோயாளியின் வாழ்க்கையை அறிந்திருத்தல் வேண்டும். அத்தீர்ப்பும் முடிவுகளைக் காணுமுன்னரே எழுத்தில் வைக்கப்படல் வேண்டும். கண்டபின் தெரிவு செய்பவருக்குப் புறோக்காவின் சலுகை எப்போதும் கையருகே உண்டு.

தலையசைவின் கதை இன்னும் இக்கட்டானது. மில்லிமீற்றரின் சிறு பகுதியேயான அசைவும் மூளைப் பகுதிகளுக்கிடையிலான தொடர்புகளிற் போலி வேறுபாட்டைத் தோற்றுவிக்கும் என்பதை 2012இல் வெளிவந்த ஆய்வுகள் காட்டின. அதன்பின் மிகுதியாக அசைந்தோரின் பதிவுகளை நீக்குதல் வழக்கமாயிற்று. நீக்காவிடின் முடிவு பொய்யாகலாம் என்பது மெய்யே. ஆயினும் ஆட்டிசம் உடைய சிறுவருள், இரைச்சலிடும் குழாயினுள் அசையாது கிடக்க இயலாதவர் பெரும்பாலும் அந்நிலையால் மிகுதியாகப் பாதிக்கப்பட்டவரே. பதிவேட்டிலிருந்து அவர்கள் அகற்றப்பட்ட பின்பும், கட்டுரையின் தலைப்பு ஆட்டிசம் உடைய சிறுவர் அனைவரையும் பற்றியே பேசுகின்றது.