சொல்லின் செல்வர் காட்டிய அவையஞ்சாமை

மலைமுகடுகளின் நடுவே கோயில் கொண்டு, கொழுந்து பறிக்கும் கைகளுக்கும் கவ்வாத்து வெட்டும் கைகளுக்கும் காவலாய் நின்று அருள்பாலிப்பவள் அன்னை மாரியம்மை. அவளுடைய வருடாந்த உற்சவத்தில் கரகம் பாலித்து, பாற்குடம் எடுத்து, தேர்ப் பவனியும் நிறைவுற்ற இரவில் மேடையேறுவோர் பெரும்பாலும் அறநெறிப் பாடசாலைப் பிள்ளைகளே ஆவர். நெற்றியில் திருநீறு துலங்க ஒரு பிள்ளை ஒலிவாங்கியின் முன் வந்து நிற்கும். சபைக்கு வணக்கம் சொல்லும். இரண்டாவது வசனத்திலேயே நா வறண்டு, கை நடுங்கி, ஒரு மாதமாக மனப்பாடம் செய்த யாவும் மறந்துபோகும். கீழே சிலர் இரக்கத்தோடு கை தட்டுவர், சிலர் சிரிப்பர். கண் கலங்கி இறங்கிவரும் அந்தப் பிள்ளையைப் பார்த்து, "இதுக்குப் பேச வராது" என்று வீட்டாரில் ஒருவர் சொல்லிவிடுவார். மேடையில் பட்ட வெட்கம் நாலு நாளில் ஆறிவிடும். அந்தச் சொல் ஆறுவதில்லை.

அதே தோட்டத்தில் மாசி மாதம் வந்தால் காமன் கம்பம் ஊன்றப்படுகின்றது. தப்பு முழங்க, மன்மதனாகவும் ரதியாகவும் வேடமிட்ட இளைஞர்கள் விடிய விடிய ஆடிப் பாடுகின்றனர். பார்த்திருப்பதும் அதே சனம்தான். அங்கே நா வறள்வதில்லை. காரணம் இலகுவானது. ரதியாக நிற்பவர் தம்மை மறந்து கணவனை இழக்கும் ஒருத்தியின் துயரத்துக்குள் புகுந்துவிடுகின்றார். அடி தவறினால் எடுத்துக்கொடுக்க மாஸ்டர் அருகிலேயே நிற்கின்றார். பேச்சு மேடையில் நிற்கும் பிள்ளையோ தனியே நின்று, தன்னை யார் யார் பார்க்கின்றார்கள் என்பதையே எண்ணிக்கொண்டிருக்கின்றது.

நெஞ்சு படபடப்பது ஒரு நோயுமன்று, குறையுமன்று. பெரியதொரு காரியம் எதிரே நிற்கும்போது உடல் தன்னை ஆயத்தப்படுத்துகின்றது. அதிரினலின் என்னும் சுரப்பு இரத்தத்தில் கலக்கின்றது, இதயம் விரைகின்றது, வாய் உலர்கின்றது. பேசிப் பழகியவர்களுக்கும் இது நேர்வதுண்டு. அவ்வளவு ஏன், சொல்லின் செல்வர் என்று ஸ்ரீராமபிரானால் போற்றப்பட்ட அனுமனுக்கே பேசுமுன் தயக்கம் வந்தது. அத்தயக்கம் வந்த இடமாக அடியார்கள் நம்புவதும் இந்த மலைநாட்டில்தான் இருக்கின்றது. நுவரெலியாவிலிருந்து பதுளை செல்லும் பாதையில், ஹக்கலை பூங்காவை அடையுமுன் வரும் சீதா எலிய என்னும் தலமே அது. அசோகவனத்தில் அன்னை சீதாதேவி சிறையிருந்த இடம் அதுவே என்பது வழிவழி வந்த நம்பிக்கை.

இராமாயணத்தில் பெரிய சபையொன்றில் அனுமன் பேசாமலேயே இருக்கும் இடமொன்று உண்டு. கடற்கரையில் வானரர்கள் கூடி, கடலைத் தாண்ட வல்லவர் யார் என்று ஆராய்கின்றனர். ஒருவர் பத்து யோசனை தாண்டுவேன் என்கின்றார். மற்றொருவர் இருபது என்கின்றார். ஆளாளுக்குத் தம் வலிமையைச் சொல்லிக்கொண்டிருக்க, அனுமன் ஒரு புறமாக மௌனமாய் அமர்ந்திருக்கின்றார். வயது முதிர்ந்த ஜாம்பவான் அவரிடம் சென்று, அவருடைய பிறப்பையும் பலத்தையும் எடுத்துச் சொல்லிய பின்னரே அவர் எழுகின்றார். அந்த முதியவர் கூட்டத்தில் சத்தமிட்டவர்களை விட்டு, மூலையில் இருந்தவரைத் தேடிப் போனார் என்பது கவனிக்கத்தக்கது. தோட்டத்துக் கோயில்களிலும் இவ்வாறான ஜாம்பவான்கள் தேவைப்படுகின்றனர். பேச வராது என்று சொல்வோருக்குப் பஞ்சமில்லை.

பின்னர் அசோகவனம். மரத்தின் மீது மறைந்திருந்த அனுமன், கீழே அரக்கியர் நடுவே வாடியிருந்த தேவியைக் கண்டதும் உடனே குதித்துப் பேசிவிடவில்லை. எப்படிப் பேசுவது என்று அவர் யோசித்ததை வான்மீகி முனிவர் விரிவாகவே பாடியிருக்கின்றார். பேசாமல் போனால் தேவி உயிர் விடக்கூடும். தவறாகப் பேசினால் அவள் அஞ்சிக் கூவ, அரக்கியர் விழித்து, வந்த காரியமே கெட்டுவிடும். பண்டிதர் பேசும் சமஸ்கிருதத்தில் பேசினாலோ, இராவணனே வேடமிட்டு வந்தான் என்று அவள் எண்ணிவிடுவாள். ஆகவே சாதாரண மனிதர் பேசும் மொழியில், மெல்லிய குரலில், இராமகதையைச் சொல்லியே தொடங்குவது என்று தீர்மானிக்கின்றார்.

அந்த யோசனை முழுவதிலும், 'என்னை என்னவென்று நினைப்பார்கள்' என்ற எண்ணம் ஓரிடத்திலும் இல்லை. அவர் அஞ்சியது கேட்பவளுக்காகவும் வந்த காரியத்துக்காகவுமே. என் சொல் அவளுக்கு விளங்குமா, அவளை மேலும் நோகச் செய்யுமா என்பதே அவர் கவலை. பேசுவோன் தன்னை நினைந்து கொள்ளும் அச்சம் நாவைக் கட்டிப்போடுகின்றது. கேட்போரை நினைந்து கொள்ளும் அச்சமோ சொல்லைச் செப்பனிடுகின்றது. இரண்டும் அச்சந்தான், ஆனால் ஒன்றல்ல.

அப்படிப் பேசியும் சீதாதேவி அவரை உடனே நம்பிவிடவில்லை. அவர் கிட்டே நெருங்க நெருங்க, இராவணனோ என்று ஐயுற்று நடுங்கினாள். 'இவ்வளவு தூரம் கடல் தாண்டி வந்த என்னையா சந்தேகிக்கிறீர்கள்' என்று அனுமன் கோபிக்கவில்லை. வணங்கி நின்று, அவள் கேட்டபடி இராமனுடைய அங்க அடையாளங்களைச் சொல்லி, கணையாழியைக் கொடுத்தார். கேள்வி கேட்பவரை எதிரியாகக் கருதும் பேச்சாளர்கள் மலிந்த காலத்தில் இது நினைக்க வேண்டிய செய்தி. சொன்னதற்குச் சான்று கேட்பது கேட்போரின் உரிமை.

அவர் எப்படிப் பேசினார் என்பதற்கு இராமபிரானின் வாய்மொழியே சாட்சி. முதற் சந்திப்பிலேயே இலக்குவனிடம் அனுமனைப் புகழும்போது, இவ்வளவு நேரம் பேசியும் ஒரு பிழைச்சொல் வரவில்லை, முகத்திலோ கண்ணிலோ புருவத்திலோ ஒரு விகாரமும் தோன்றவில்லை, இழுத்தும் பேசவில்லை, விரைந்தும் பேசவில்லை, குரல் நடுத்தரமாக இருந்தது என்ற பொருள்பட அவர் கூறியதாக வான்மீகி காட்டுகின்றார். பேச்சுப் போட்டிக்குப் பிள்ளைகளைப் பழக்கும் ஆசிரியர்களுக்கு இதைவிட வேறு பாடம் வேண்டியதில்லை. கையை வீசி, தொண்டை கிழியக் கத்துவதே நல்ல பேச்சு என்று பழக்கப்பட்டுவிட்டது பரிதாபமே.

இதிகாச காலத்தை விட்டு அண்மைக் காலத்துக்கு வந்தால், மேடைக்கு அஞ்சியவர்களுள் முதலில் நினைவுக்கு வருபவர் மகாத்மா காந்தி. இலண்டனில் சட்டம் படித்த நாட்களில் (1888–1891) தாவரபோசன சங்கத்தில் அவர் அங்கத்தவராய் இருந்தார். மாறுபட்ட கருத்துடைய ஒருவரைச் சங்கத்திலிருந்து விலக்க முயன்றபோது, அக்கருத்து தமக்கும் உடன்பாடில்லை என்றாலும், அதற்காக விலக்குவது அநீதி என்று அவர் எண்ணினார். எழுந்து சொல்லத் துணிவில்லை. எழுதிக் கொண்டுபோனார், அதை வாசிக்கவும் இயலவில்லை, வேறொருவர் வாசித்தார். பின்னர் பம்பாயில் சிறு வழக்கு நீதிமன்றத்தில் முதல் வழக்குக்கு எழுந்து நின்றபோது தலை சுற்றியது. ஒரு கேள்வியும் வரவில்லை. 30 ரூபாய் கட்டணம் வாங்கிய வழக்கை வேறொருவரிடம் ஒப்படைக்கச் சொல்லிவிட்டு வெளியேறினார். இவற்றையெல்லாம் மறைக்காமல் தம் சுயசரிதையில் எழுதியவரும் அவரே.

அதே மனிதர் 1893இல் தென்னாபிரிக்காவின் பிரிட்டோரியா நகரில் இந்திய வணிகர் கூட்டமொன்றில் நன்றாகவே பேசினார். தம்முடைய முதற் பொதுப்பேச்சு என்று அவர் குறிப்பிடுவது அதனைத்தான். பேசிய பொருள், வியாபாரத்தில் உண்மை. வியாபாரமும் உண்மையும் சேராது என்று நம்பியிருந்த வியாபாரிகளின் முகத்துக்கு நேரே அவர் அதைச் சொன்னார். இலண்டனிலும் பம்பாயிலும் எழாத நா, அந்நிய நாட்டில் அவமதிப்புக்குள்ளான தம் மக்களின் நன்மைக்காக எழுந்தது. 1927 நவம்பரில் இலங்கைக்கு எழுந்தருளி மலையகத்துக்கும் வந்தபோது அவர் பல்லாயிரவர் முன் பேசிப் பழகியவராகிவிட்டார். தம்முடைய பழைய கூச்சம் அளந்து பேசும் பழக்கத்தைத் தந்தது என்று அதற்கு நன்றியே பாராட்டினார்.

மலையகத்திலேயே ஒரு பெண்மணியின் பெயரையும் இங்கு சொல்லாமல் விடலாகாது. ஹட்டனைத் தளமாகக் கொண்டு தொழிலாளரை ஒன்றுசேர்த்த கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மை, பெண்கள் மேடையேறுவதே அரிதாயிருந்த 1930களில் கூட்டங்களில் தொழிலாளரின் துயரத்தைப் பாட்டாகவே பாடினார். படிக்கத் தெரியாதவர்களுக்கு விளங்கும் வழி அதுவென்று கண்டார். அசோகவனத்தில் எந்த மொழியில் பேசுவது என்று அனுமன் யோசித்ததும் இதுவும் ஒன்றேதான்.

இந்த அச்சம் மேடையோடு நின்றுவிடும் காரியமன்று. பெரட்டுக் களத்தில் வேலை பிரிக்கும்போதும், கொழுந்து நிறுக்கும் இடத்தில் கிலோக் கணக்கில் ஐயம் வரும்போதும், பாடசாலையின் பெற்றோர் கூட்டத்திலும், வைத்தியரின் முன்னாலும், சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் திரும்பும் தாய்மார் அநேகர். வீட்டுக்கு வந்து அடுப்படியில் சொல்லி அழுவர். அரைப் பேர் போட்டதற்குக் காரணம் கேட்க நா எழாதவளுக்கு அன்றைய சம்பளத்தில் பாதி போகின்றது. ஆகவே பிள்ளைகளுக்கு மேடைப்பேச்சைப் பழக்குவது திருவிழா அலங்காரத்துக்காக அன்று.

எனினும் அச்சம் நீங்குவது மட்டும் போதுமானதா? இலங்கை வேந்தனின் சபையில் பேச்சு வன்மைக்குக் குறைவிருக்கவில்லை. மன்னன் விரும்பியதையே அழகாகச் சொல்லவல்ல மந்திரிமார் நிறைந்திருந்தனர். ஒருவருக்கும் நாக் குழறவில்லை. சீதையை விட்டுவிடுங்கள் என்று சொன்ன விபீஷணர் மட்டுமே அங்கு வேண்டாதவரானார். அச்சமற்ற அந்த நாவன்மை எல்லாம் சேர்ந்து ஒரு குலத்தையே அழித்தது.

திருவள்ளுவர் வைத்த முறையை நோக்குமிடத்தும் இது புலப்படும். அவையஞ்சாமை 73ஆம் அதிகாரம். பொருட்பாலில் அமைச்சியலில் உள்ளது. போர்க்களத்தில் அஞ்சாது சாவாரைவிட அவையில் அஞ்சாது பேசுவார் அரியர் என்ற கருத்தை அவர் அங்கே கூறுகின்றார். ஆனால் வாய்மையோ 30ஆம் அதிகாரம். அறத்துப்பாலில் வெகு முன்னரே வந்துவிடுகின்றது. அவையஞ்சாமைக்கு நேர் முன்னால் அவையறிதலையும் வைத்தார். கீதையின் 17ஆம் அத்தியாயத்தில் பகவான் பேச்சையே ஒரு தவமாகச் சொல்லுமிடத்தில், பிறரை நோகச் செய்யாமை, உண்மை, இனிமை, நன்மை ஆகியவற்றை ஒருங்கே கேட்கின்றார். உண்மைதானே என்று ஒரு குடும்பத்தின் துன்பத்தை ஒலிபெருக்கியில் சொல்வது இந்தத் தவத்தில் சேராது. கைதட்டுக்காக அடுத்த சமயத்தாரை, அடுத்த இனத்தாரை, அடுத்த தோட்டத்தாரை இழித்துப் பேசுவதும் சேராது. அம்மன் சந்நிதிக்கு எதிரேதான் அநேகமாக மேடை போடப்படுகின்றது. கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்யத் தயங்கும் ஒன்றை, அந்த இடத்தில் ஒலிவாங்கியில் சொல்லத் தயங்காதிருப்பது விந்தையே.

இனி, பழக்கும் வழி. முழுப் பேச்சையும் எழுத்துக்கு எழுத்து மனனஞ் செய்வித்தால் ஒரு சொல் தவறும்போது எல்லாம் தவறும். முதல் இரண்டு வசனங்களை மட்டும் நன்றாகப் பதித்து, மிகுதியைப் பிள்ளை தன் வார்த்தையில் சொல்லப் பழக்குதல் நலம். லயத்து வாசலில் அப்பாயிக்கும் அம்மாயிக்கும் முதலில் சொல்லட்டும். பிறகு அறநெறி வகுப்பில். பிறகு வெள்ளிக்கிழமைப் பூசைக்கு வரும் பத்துப் பேர் முன்னால். உற்சவ மேடை கடைசியாக வரட்டும். மேடையேறுமுன் மூச்சை மெல்ல இழுத்து, அதைவிட மெல்ல விடுதல் படபடப்பைத் தணிக்கும். சந்தியாவந்தனத்தில் பிராணாயாமத்தை முன்னே வைத்த பெரியோர் இதனை அறியாதவர்களல்லர். கூட்டத்தில் அன்பான முகமொன்றைத் தேடி அதற்குச் சொல்வதுபோல் பேசலாம். மறந்துவிட்டால் நின்று, மறந்துவிட்டேன் என்று சொல்லி, எடுத்துக்கொடுக்கச் சொல்லலாம். காமன் கூத்து மாஸ்டரைப் போல ஆசிரியர் ஒருவர் மேடையோரத்தில் நிற்பது அதற்காகவே.

சீதா எலிய ஆலயத்தருகே ஓடும் அருவிக் கரைப் பாறையில் உள்ள பள்ளங்களை அனுமனின் பாதச் சுவடுகள் என்று அடியார்கள் தொட்டு வணங்குகின்றனர். பிள்ளைகளை அங்கு கூட்டிச் செல்லும் தாய்மார் அவர் கடலைத் தாண்டிய கதையைச் சொல்வது வழக்கம். மரத்தின் மேல் அமர்ந்து, எப்படிப் பேசுவது என்று தெரியாமல் அவர் நெடுநேரம் யோசித்திருந்த கதையையும் அந்தப் பாறையருகே இருத்திச் சொல்லலாம்.